சொல்வதை எழுதுபவர்

மார்ச் 22

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இன்றிலிருந்து நடப்பதை நடந்த அன்றே எழுதி வைக்கப் போகிறேன். பிறகு யாரும் வந்து, இவர் ஆத்திரத்தில் இட்டுக்கட்டுகிறார் என்று சொல்லக் கூடாது. ஏற்கெனவே சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பணி ஆணை கைக்கு வந்துவிட்டது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதன்மைக் கண்காணிப்பாளர், துறை அலுவலர் என்று மையங்களுக்குப் போகிறார்கள். தமிழில் எம்.ஏ., எம்.ஃபில். முடித்து, தலை நரைக்கும் வரை பாடம் நடத்திய எனக்கு ‘சொல்வதை எழுதுபவர்’ வேலை. தானாக எழுத முடியாத மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வியை வாசித்துக் காட்டி, அவர் வாயால் சொல்லும் விடையைத் தாளில் எழுத வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்கும் கை உடைந்தவர்களுக்கும் மட்டும் இருந்த சலுகை இது. இப்போது எழுத்துகள் குழம்பித் தெரியும் டிஸ்லெக்சியா என்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கும் உண்டு. ஒரு பேனா செய்யும் வேலை. அந்தப் பேனாவுக்கு எம்.ஃபில். எதற்கு என்று தெரியவில்லை.

மையம், புறவழிச்சாலையில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளி. முதன்மைக் கண்காணிப்பாளர் யார் என்று பார்த்தேன். குழந்தைவேல். அப்போது புரிந்துவிட்டது.

குழந்தைவேல் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். என் எம்.ஃபில். ஆய்வேட்டின் இரண்டாம் இயலை அப்படியே தூக்கித் தன் ஆய்வேட்டில் மூன்றாம் இயலாக வைத்தவர். என் வாக்கியங்கள், என் கமா உட்பட. வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். ஒத்த கருத்துகள் இருவருக்கும் தோன்றலாம் என்றார். பிறகு குழந்தைவேல் பதவி உயர்வுப் பட்டியலில் எனக்கு மேலே போய் உட்கார்ந்தார். முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டேன், நீதிமன்றம் போனேன், தோற்றேன். இப்போது அவர் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியர். எங்கே பார்த்தாலும் என்னை ‘அண்ணா’ என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை மன்னிக்க மாட்டேன்.

மனைவி இந்திராணி மாவு அரைத்து வரச் சொன்னாள். போகவில்லை.

மார்ச் 25

மையத்தில் முன்கூட்டம். ஆறு பிள்ளைகள். அறிவியல் ஆய்வகக் கதவில் ‘சலுகை மாணவர்கள்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள், போகிற வருகிறவர்கள் எல்லாம் வாசிக்கும்படி. ஒவ்வொருவருக்கும் தனி அறை கொடுக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஆறு பேருக்கும் ஒரே ஆய்வகம். ஏன் என்று கேட்டேன். மின்விசிறி ஓடும் அறை இதுதான் என்றார் குழந்தைவேல்.

தமிழாசிரியனைத் தமிழ்த் தாளுக்கு எழுத உட்கார வைக்கக் கூடாது என்பதும் விதி. அதையும் சொன்னேன்.

“அண்ணா, உங்க தமிழு இத்தன வருசமாச் சும்மாதான கெடக்குது. ஒரு புள்ளைக்காச்சும் ஆகட்டுமே.”

எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் கொண்டு வந்த பள்ளி ஊழியர்கூட.

சிரிப்பு அடங்கிய பிறகு குழந்தைவேல் குரலைத் தாழ்த்தினார். இந்தப் பள்ளி வருடா வருடம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுகிறது, தாளாளர் நமக்கு வேண்டியவர், பிள்ளைகள் பாவம், சொல்லத் திணறினால் கொஞ்சம் பார்த்து எழுதிவிடுங்கள் என்றார். பார்த்து எழுதுவது என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சண்டைக்காரன் என்பார்கள். நானும் விட்டுவிட்டேன்.

வெளியே வராந்தாவில் அந்த ஆறில் ஒரு பையன் செய்தித்தாளின் கிரிக்கெட் பக்கத்தை மற்றவர்களுக்குத் தடங்கல் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தான். என்னோடு எழுதுபவராக வந்திருக்கும் கணக்கு ஆசிரியர் ஜெகதீசனிடம் இதைக் காட்டினேன். அவர் இந்தப் பள்ளிக்கு வேண்டியவர், மாலையில் இங்கே டியூஷன் எடுக்கிறார். மதிப்பெண் குறைந்தவர்களை எல்லாம் பள்ளியே ஒரு வேனில் ஏற்றிச் சான்றிதழ் முகாமுக்குக் கூட்டிப் போனதாம்.

“ஏறும்போது நல்லாத்தான் சார் இருந்தானுங்க. எறங்கும்போது அத்தன பேருக்கும் டிஸ்லெக்சியா.”

எனக்கு ஒதுக்கிய பிள்ளை லேகாஸ்ரீ. லேகா என்றால் எழுத்து என்று பொருள். பெயர் வைத்தவருக்கு என்ன தெரியும். தாய் பூங்கொடி நூற்பாலையில் வேலை செய்கிறாள். அவளும் கூட வந்திருந்தாள். வருகைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னேன். லேகாஸ்ரீ பேனாவை இறுக்கிப் பிடித்து முதலில் ல எழுதினாள். பிறகு அதன் வலது பக்கத்தில் இரட்டைக் கொம்பு போட்டாள். பிறகு நிறுத்தி, என்னவோ சரியில்லை என்று தெரிந்து, எது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொம்பு முன்னால் வர வேண்டும் என்றேன்.

“தெரியுமுங்க சார். ஆனா சத்தத்துல ல-தானுங்க மொதல்ல வருது. கொம்பு சத்தம் அப்பறந்தான வருது. பின்னாடி கேக்கறத ஏனுங்க முன்னாடி எழுதணும்?”

இலக்கணத்தில் இதற்குப் பதில் இருக்கும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

‘பொருள்’ என்ற சொல்லைப் ‘பெரருள்’ என்று வாசிக்கிறாள். கால் அவளுக்கு ர-வாகத் தெரிகிறது. ‘தொழில்’ தெரழில் ஆகிறது. வேனில் வந்த நோய் இல்லை இது. ஆறு பேரில் இவள் ஒருத்திக்கு உண்மையாகவே இருக்கிறது.

மூன்றாம் வகுப்பிலிருந்து இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாளாம். சோம்பேறி என்று கடைசி பெஞ்சு. தப்பாக எழுதினால் இருபது முறை இம்போசிஷன். இருபது முறையும் அதே தப்பு. எட்டாம் வகுப்பில் வட்டாரத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோன சிறப்பாசிரியை ஒருத்திதான் இது இன்னது என்று கண்டுபிடித்துச் சொன்னாளாம். அவளுக்கும் மாற்றல் ஆகிவிட்டது. அதன் பிறகு, பாடத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டே படித்திருக்கிறாள். பூங்கொடி இதையெல்லாம் என்னிடம் ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் எழுதப் போகிறவன், அவ்வளவுதான்.

மார்ச் 26

வீட்டுக் கிணற்று மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வருகிறேன் என்றான். வரவில்லை.

மார்ச் 28

தமிழ்த் தேர்வு.

ஆய்வக மேசையில் அவள், பக்கத்தில் நான். மற்ற ஐந்து ஜோடிகளும் அதே அறையில். கேள்வியை நான் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே யோசிக்கிறாள். ஒரு மதிப்பெண் கேள்விகளில் அவ்வளவாகத் தவறு இல்லை. சிறுவினாக்களும் பரவாயில்லை. மனப்பாடப் பகுதியை மடமடவென்று ஒப்பித்தாள், என் கை பின்தொடர முடியவில்லை.

கட்டுரைக்கு, ஊர் நீர்நிலையைப் பாதுகாக்க வேண்டிய தேவை பற்றிக் கேட்டிருந்தார்கள். அவள் சொல்லத் தொடங்கினாள்.

“எங்க ஊரு ஏரிக்கு மூணு மதகு இருக்குதுங்க. ஒண்ணுதான் தொறக்கும். ஏரிக்குள்ள கோழிப்பண்ணக் கழிவக் கொட்டறாங்க. எங்க மாமாவுங் கொட்டுவாரு. கேட்டா, எல்லாருங் கொட்டறாங்க, நான் மட்டும் எங்க கொண்டுபோய்க் கொட்டறதும்பாரு.”

இதை அப்படியே எழுதினால் திருத்துகிறவர் என்ன நினைப்பார்? பிள்ளைக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். குழந்தைவேல் சொன்னதற்காக அல்ல. அவர் மனத்தில் இருந்தது வேறு, நான் செய்தது வேறு. அவளுடைய கருத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். நடை மட்டும் என்னுடையது. நீர்நிலைகள் நாட்டின் உயிர்நாடிகள் என்று தொடங்கி, முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற விலைமதிப்பற்ற செல்வங்கள் என்று விரித்து, ஐந்து உட்தலைப்புகளும் முடிவுரையும் கொடுத்தேன். என் கையெழுத்தும் அன்று நன்றாக அமைந்தது. நெடுநாளாயிற்று அப்படி ஒன்றை எழுதி.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. வாசித்தேன்.

“நல்லா இருக்குதுங்க சார். ஆனா எங்க மாமா எங்கீங்க?”

திருத்துகிறவருக்கு உன் மாமா தேவையில்லை என்றேன்.

“அவரு இல்லீன்னா அது எங்க ஏரி இல்லீங்களே.”

நேரம் போகிறது, அடுத்த கேள்விக்கு வா என்றேன். வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு இரண்டு சொல்லாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்கத் தெரியாதவள் அப்படி உற்றுப் பார்ப்பது எரிச்சலாக இருந்தது.

வெளியே வரும்போது நன்றி என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் 29

இந்திராணியிடம் கட்டுரை பற்றிச் சொன்னேன். முதல் பத்தியை நினைவிலிருந்து சொல்லிக் காட்டினேன்.

“அந்தப் புள்ள இதத்தான் சொல்லுச்சா?” என்று கேட்டாள்.

அதைவிட நல்லதை எழுதினேன் என்றேன். அவள் தோசையைத் திருப்பப் போய்விட்டாள். படித்தவள் இல்லை, நடை பற்றி அவளிடம் பேசி என்ன ஆகப் போகிறது.

மார்ச் 31

மோட்டார் சரியாயிற்று. காப்பாசிட்டர் போயிருந்ததாம்.

ஏப்ரல் 2

இன்று ஆங்கிலம். லேகாஸ்ரீக்கு ஒரு மொழித் தாளிலிருந்து விலக்கு உண்டு; ஆங்கிலத்தை விட்டிருக்கிறாள். எனக்கும் வேலை இல்லை. மதியம் ஜெகதீசன் தொலைபேசியில் பேசினார். குழந்தைவேல் இன்று ஆங்கில ஆசிரியர் ஒருவரை ஆய்வகத்துக்குள் அனுப்பினாராம், தண்ணீர் கொடுக்கும் சாக்கில். அவர் விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதுபவர்கள் எழுதினார்களாம். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்களாம். ஒருவன் தூங்கியே போனானாம்.

“திங்கக்கெழம நம்ம கணக்கு சார். நான் ஒருத்தன் சொன்னாப் போதும், ஆறு பேருக்கும் ஆயிரும். நீங்க சும்மா எழுதுனாப் போதும்.”

ஒரே ஆய்வகம் எதற்கு என்று இப்போது தெரிகிறது. மின்விசிறிக்காக அல்ல. ஒரு குரல் ஆறு மேசைக்கும் எட்ட வேண்டும்.

இத்தனை வருடம் கழித்துக் குழந்தைவேல் என் கையில் கிடைத்திருக்கிறார்.

ஏப்ரல் 5

குறிப்பு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: யார் உள்ளே வந்தது, எப்போது வந்தது, யார் அனுப்பியது. திங்களன்று எதையும் தவற விடக் கூடாது.

இந்திராணி, அந்தப் பிள்ளை கணக்கு நன்றாகப் போடுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

ஏப்ரல் 7

கணக்குத் தேர்வு. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அறைக் கண்காணிப்பாளர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். ஜெகதீசன் தன் மேசையை விட்டு எழுந்து நடுவில் வந்து நின்று, கேள்வி எண்ணைச் சொல்லி விடையைச் சொல்லத் தொடங்கினார். முதலில் மெல்ல. பிறகு பின்மேசைக்குக் கேட்கவில்லை என்றதும் வகுப்பில் சொல்வதுபோலவே. ஐந்து பேனாக்கள் ஓடின.

குழந்தைவேலின் தயவு என் பேனாவுக்கு வேண்டாம். நான் எழுதவில்லை.

லேகாஸ்ரீ முதலில் என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு விடைத்தாள் மேல் கையை வைத்தாள்.

“சார், நாஞ் சொல்றத மட்டும் எழுதுங்க. இல்லாட்டி நானே எழுதிக்கறனுங்க. தப்பா இருந்தாலும் நானே எழுதிக்கறன்.”

சொல் என்றேன்.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் கேள்வி வாசிக்கும்போது மட்டும் என் பக்கத்துக் காதைத் திறப்பாள், பிறகு மூடிக்கொள்வாள். மேசைமேல் விரலால் படம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வாள். ஒரு கணக்கில் அவள் சொன்ன விடையும் ஜெகதீசன் சொன்ன விடையும் வேறு வேறாக இருந்தன. நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, அவர் வேறு சொல்கிறார் என்றேன்.

“அவரு சொல்றது அவருக்குங்க. எனக்கு வந்தது இதுதான்.”

அது தவறாகத்தான் இருக்கும். தவறு என்று தெரிந்தே ஒன்றை எழுதுவது எவ்வளவு சிரமம் என்று எனக்கு இதுவரை தெரியாது. எழுதினேன்.

பிறகு கூம்பு. அதன் கன அளவைக் கேட்டிருந்தார்கள்.

“மறுக்கா வாசிங்க சார். பதினாலு விட்டமுங்களா, ஆரமுங்களா?”

விட்டம் என்றேன்.

“அப்ப ஏழு.”

அதற்குள் ஜெகதீசன் பதினான்கை ஆரமாக வைத்துச் சொல்லி முடித்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவசரத்தில் கவனிக்கவில்லை. ஐந்து விடைத்தாளில் ஒரே தவறு, வரிக்கு வரி. ஆறாவதில் மட்டும் சரியான விடை. எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேகாஸ்ரீ, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு, மறுபடி விரலால் கூம்பு போட்டுப் பார்த்தாள்.

முடிந்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். ஒவ்வொரு விடைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் எழுந்து, “வர்றனுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 8, காலை

குழந்தைவேல் கூப்பிட்டார். அறிவியல் தேர்வுக்கு நான் வர வேண்டாமாம். லேகாஸ்ரீக்கு ஜெகதீசன் எழுதுவாராம், இதுவரை ஜெகதீசன் எழுதிக்கொடுத்த மாணவனுக்கு வேறு ஒருவர்.

காரணம் கேட்டேன்.

“நான் என்ன பண்றதுங்கண்ணா. அந்தப் புள்ளையே வந்து உங்கள வேண்டாம்னு சொல்லுச்சு. சின்னப் புள்ள, கோவிச்சுக்காதீங்க.”

அப்படியா. காதைப் பொத்திக்கொண்டு சொன்னதை எல்லாம் ஒரு எழுத்து மாறாமல் எழுதினவன் நான். அந்த அறையில் அப்படி எழுதினவன் நான் ஒருவன்தான். தமிழில் அவளுக்கு எழுதிக் கொடுத்ததைப் போல அவள் பரம்பரையிலேயே யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கு இது கைம்மாறு. யாருக்கு நல்லது செய்தாலும் எனக்கு நடப்பது இதுதான். பேராசிரியரிலிருந்து இந்தப் பெண் வரை.

என் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மனு எழுத உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 8, மாலை

மனு நான்கு பக்கம் வந்தது. நல்ல மனு. மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர், தேர்வுத் துறை, மூன்று பேருக்கும். ஆறு விடைத்தாள்களையும் எல்லாப் பாடங்களிலும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அடியில் முழுப் பெயர், பட்டங்கள், முகவரியோடு கையெழுத்தும் போட்டாயிற்று.

உறையில் போடும் நேரத்தில் வாசலில் பூங்கொடி நின்றாள். நூற்பாலை வேனிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தாள், தலைமுடியில் பஞ்சு. இந்திராணி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“அடுத்த பரிட்சைக்கு நீங்க வரலீங்களாமா சார்?”

உன் மகள்தான் வேண்டாம் என்றாளாமே என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“யாருங்க சொன்னது? அது உங்களச் சொல்லலீங்க சார்.”

பிறகு நடந்ததைச் சொன்னாள். கணக்குத் தேர்வு முடிந்ததும் லேகாஸ்ரீ தானாகவே குழந்தைவேலின் அறைக்குப் போயிருக்கிறாள். அங்கே வேறு ஆசிரியர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னாலேயே, அந்த சார் விடை சொல்கிற சத்தத்தில் நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை, அவரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். குழந்தைவேல், உன் பெயர் என்ன, எண் என்ன என்று மிரட்டியிருக்கிறார். இரண்டையும் சொல்லியிருக்கிறாள். இது வெளியே போனால் முதலில் உன் பரீட்சைதான் ரத்தாகும் என்றாராம். நான் தப்புப் பண்ணவில்லையே என்றாளாம். அதனால்தான் ஜெகதீசனை அவள் பக்கத்திலேயே உட்கார வைக்கிறார்கள். இனி அவள் வாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒன்றுதான்.

பூங்கொடி பேசிக்கொண்டே போனாள்.

“தமிழுப் பரிட்ச அன்னைக்கும் வந்து அழுதுச்சுங்க. பேப்பரு பாஸாயிரும்மா, நாந்தான் பாஸாவலைன்னுச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க சார்.”

எனக்கும் விளங்கவில்லை என்றேன். இந்திராணி என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இருந்த உறையை ஒரு புத்தகத்துக்கு அடியில் தள்ளினேன்.

போகும்போது வாசலில் நின்று பூங்கொடி இன்னொன்றும் சொன்னாள்.

“தப்பா நெனைக்காதீங்க. நீங்க மனுப் போடுவீங்கன்னு அங்க பேசிக்கறாங்க. மனு கினுன்னு போயி, அவிய பேப்பரை எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டா, எம்புள்ளைதும் அதுக்குள்ளதான இருக்குது. அந்தப் பையனுகளுக்கு அடுத்த வருசம் எழுதறதுக்கு வழி இருக்கு. இவ இன்னொருக்கா முதல்ல இருந்து எல்லாத்தயும் காதால கேட்டுப் படிக்கோணும். சத்தியமா முடியாதுங்க சார்.”

போடவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

ஏப்ரல் 9

காலையில் மனுவை எடுத்து மறுபடி வாசித்தேன். முதல் பக்கம் ஆய்வேடு. இரண்டாம் பக்கம் பதவி உயர்வு. ஆய்வகம் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. லேகாஸ்ரீ என்ற பெயர் நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் ஆறாவது விடைத்தாளுக்கு உரியவர் என்று. அமைப்பில் கொஞ்சம் குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

குறை அது மட்டும் இல்லை. எல்லாப் பாடங்களையும் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டால் தமிழையும் எடுப்பார்கள். எடுத்தால் அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்டால் அந்தப் பெண் சொல்லிவிடுவாள், ஏரியில் தொடங்கி மாமா வரை. பொய் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தமிழும் செல்லாது, கணக்கும் செல்லாது. தமிழைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

குழந்தைவேல் தப்பித்துவிடுவார். இந்த மனு போனால்தான் அவர் மாட்டுவார். மூன்று விசாரணை வரும், பதவி போகும், ஓய்வூதியம் இழுபடும். எத்தனை வருடமாக இதற்குக் காத்திருக்கிறேன். காபி ஆறிப் போகும் வரை அந்த நான்கு பக்கங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்திராணி வந்து டம்ளரை எடுத்துப் போனாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு, அந்த வேகத்திலேயே தபாலில் போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை அறிவியல். அந்த அறையில் யாராவது ஒரு அதிகாரி முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்திருந்தால் போதும். ஜெகதீசன் வாய் திறக்க முடியாது. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவள் சொல்வதைத்தான் எழுத வேண்டிவரும். நடந்ததை யாரும் கிளற வேண்டியதில்லை.

நான்கு பக்கங்களையும் கிழித்து அடுப்படிக் கூடையில் போட்டேன்.

கல்வி அலுவலகத்தில் என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். அதனால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கணினிக் கடைக்குப் போனேன். ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். திரையை எட்டிப் பார்த்தால், மதிப்பிற்குரிய ஐயா, பணிவான வணக்கங்கள் என்று நான் சொல்லாத இரண்டு வரி தொடக்கத்தில் இருந்தது.

“எல்லா மனுவுக்கும் இப்பிடித்தான் சார் ஆரம்பிப்போம். நல்லா இருக்கும்.”

“நல்லா இருக்க வேண்டாம்மா. நான் சொன்னத மட்டும் அடி.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அழித்தாள். நான் சொன்னது இதுதான்:

‘ஏப்ரல் 11 அறிவியல் தேர்வன்று, மேற்படி மையத்தின் ஆய்வக அறையில் ஒரு அலுவலரைத் தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார வையுங்கள். அங்கே ஆறு மாணவர்கள் சொல்லித் தேர்வு எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வதை மட்டும் எழுதுபவர் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதுபவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் பாருங்கள்.’

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அழிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

“கீழ பேரு போடோணுங்களா சார்?”

இதற்குப் பதில் சொல்லத்தான் நேரம் ஆயிற்று. பதினைந்து வயதுப் பெண், பெயரும் எண்ணும் கேட்டபோது இரண்டையும் சொன்னாள். சொன்னதற்கு என்ன கிடைத்தது என்று பார்த்தேன். ஆனால் நான் பெயர் போடத் தயங்கியது அதற்காக இல்லை. என் பெயர் போன எந்தக் காகிதத்தையும் அந்த அலுவலகத்தில் யாரும் வாசிப்பதில்லை. பிரிவு எழுத்தர் உறையைப் பார்த்ததும், “மறுபடியும் சாரா?” என்று சிரித்துவிட்டு அடியில் சொருகுவார். நான்தான் அனுப்பினேன் என்று தெரிந்தால் இது என் வழக்கு ஆகிவிடும், குழந்தைவேல் வழக்கு ஆகிவிடும். அவள் வெள்ளிக்கிழமை ஜெகதீசன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தேர்வு நேரத்தில் வரும் மொட்டைக் கடுதாசிக்கு அங்கே பயப்படுவார்கள். நாளைக்குச் செய்தித்தாளில் வந்துவிடுமோ என்று பறக்கும் படையை அனுப்புவார்கள். என் பெயருக்கு இல்லாத மரியாதை அதற்கு இருக்கிறது.

வேண்டாம் என்றேன்.

பதிவுத் தபால் என்றால் அனுப்புநர் முகவரி கேட்பார்கள். சாதாரணத் தபால்தான். தலைமை அஞ்சலகப் பெட்டியில் மதியம் எடுப்பதற்கு முன் போட்டால் நாளை போய்ச் சேர வேண்டும். சேராமலும் போகலாம். சேர்ந்து, யாரும் பிரிக்காமலும் போகலாம். அதைக் கேட்டு யாரிடமும் போய் நிற்க எனக்கு வழியில்லை. பெயர் இல்லாதவன் எதைக் கேட்க முடியும்.

உறையை ஒட்டிவிட்டேன். பெயர் போடவில்லை. இப்போது கிளம்பிப் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.